பூவும் நாரும்

பல ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்கு மண்ணெண்ணெய் அடுப்பில் தீக்காயம் ஏற்பட்டது. வலது முழங்கையின் உட்புறம் முழுவதும் வெந்துபோயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது புண் ஏறத்தாழ ஆறியிருந்தது. கையை நீட்டிய நிலையிலேயே வைத்திருக்க ஒரு சிம்பு கொடுத்து, மாதக்கணக்கில் அதைக் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கட்டியிருந்தார். பிறகு ஒரு நாள், "புண்தான் ஆறிடுச்சேடா தம்பி, அப்புறம் எதுக்கு இந்தக் கட்டை?" என்று கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். வீட்டில் படித்தவன் என்று இருந்த நானும் "சரிதான் சித்தி" என்றேன்.

ஐந்தாறு மாதங்களில் அந்தக் கை மடங்கிவிட்டது. ஒரே நாளில் அன்று. இன்று சற்று, நாளை சற்று என்று, யாரோ உள்ளேயிருந்து கயிற்றைச் சுருட்டுவது போல மடங்கியது. ஏறத்தாழச் செங்கோணத்தில் நின்றது. பிறகு அறுவை செய்து, தோல் ஒட்டி, ஓரளவு நிமிர்த்தினார்கள். முழுமையாக நிமிரவில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கொடியில் துணி போட அவரால் கடைசிவரை இயலவில்லை.

ஆறிய புண் கையை எப்படி மடக்கும் என்ற வினா நெடுங்காலம் என்னிடம் இருந்தது. தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இதற்கு விடை தேடும் வழி எளிதாகக் கிட்டுவதில்லை. துண்டு துண்டாகப் படித்தும், உயிரியல் துறையில் பணியாற்றும் நண்பர்களைத் தொந்தரவு செய்தும் அறிந்துகொண்டவற்றின் வழி எனக்குள் உருவான ஒரு கருத்தை இங்கு முன்வைக்கிறேன். உடலைப் பற்றி நம் பாடநூல்களும் மேடைகளும் நமக்குக் கொடுத்திருக்கும் படம் பாதிப் படம். விடுபட்ட பாதி, செல்களுக்கு நடுவில் இருக்கும் நார். அந்த நாரை நாம் வெறும் நிரப்புப் பொருளாகவே எண்ணிவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. அதில் முதற் குற்றவாளி நம் மொழியில் வழங்கும் உவமை.

*

"வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடலுக்குச் செல் அப்படி." பள்ளியில் இதை மனப்பாடம் செய்யாதவர் குறைவு. இந்த உவமையின் பிறப்பிலேயே ஒரு பிசகு இருக்கிறது. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்டு 'செல்' என்று பெயரிட்டது தக்கைத் துண்டொன்றின் வெற்று அறைகளை. சுவர் மட்டும் எஞ்சிய இறந்த தாவரத் திசு அது. சிற்றறை என்னும் பொருளுடைய சொல் அங்கே பொருந்தியது. விலங்குச் செல்லுக்கு அத்தகைய சுவர் கிடையாது. ஆயினும் அறை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அறையிலிருந்து செங்கல், செங்கல்லிலிருந்து நடுவில் பூசும் சாந்து என்று உவமை தானாகவே வளர்ந்தது. தமிழில் 'உயிரணு' என்று ஆக்கியபோது இன்னொரு திசையில் சாய்ந்தோம். அணு என்றவுடன் தனித்து நிற்கும் ஒன்று, தன்னளவில் நிறைந்த ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆக, ஒன்றில் உயிர் முழுவதும் அணுவுக்குள் அடங்கிவிட்டது. மற்றொன்றில் இடைவெளி வெறும் சாந்தாயிற்று.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. நாருக்கு நாம் தரும் மரியாதையின் அளவு அதில் தெரிந்துவிடுகிறது. மணம் பூவினுடையது, நார் கடன் வாங்கிக்கொள்கிறது. உடலுக்குள்ளோ நிலைமை பெரும்பாலும் தலைகீழ். பூ எப்படி மலரவேண்டும், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதில் நாருக்கும் ஒரு சொல் உண்டு.

*

இந்த நார் எதனால் ஆனது? தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு, குருதிக்குழாய்களின் சுவர் ஆகியவற்றில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. இதன் கட்டமைப்பைக் கண்டறிந்த வரலாறு சென்னையோடு பிணைந்தது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று முன்வைத்தனர். மறு ஆண்டில் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினர். ஆய்வுக்கு உதவியது கங்காரு வால் தசைநாண். அது கிடைத்தது அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. பதப்படுத்திய தோல் என்பதே கொலாஜன் பின்னல்தானே! அந்நிறுவனத்தின் அரங்கொன்றுக்கு இன்றும் முப்புரிச் சுருளின் பெயரே வழங்குகிறது. மூன்று இழை முறுக்கிய கயிறு என்று சொன்னால் நம் ஊரில் கயிறு திரித்த எவருக்கும் புரியும். இத்தனை இருந்தும் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் கொலாஜன் என்றால் முகப்பசை விளம்பரம் மட்டுமே நினைவுக்கு வருகிறது.

இந்தப் பின்னல் ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் அன்று. அதற்குச் சான்று ஒரு கடற்பயணம். 1740இல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பல்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டன. வழியில் மாலுமிகளை ஸ்கர்வி நோய் வாட்டியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 1690இல் பாய்ன் போரில் காயம்பட்டு முற்றிலும் ஆறிப்போயிருந்த ஒருவரின் புண் அந்தப் பயணத்தில் மீண்டும் திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. காரணம் பின்னாளில் விளங்கியது. கொலாஜன் கயிறு உறுதிப்பட உயிர்ச்சத்து சி வேண்டும். பழைய நார் அறுக்கப்பட்டுப் புதிய நார் நெய்யப்படுவது வாழ்நாள் முழுதும் நடக்கிறது. நெய்வது நின்றால் ஐம்பதாண்டுத் தழும்பும் பிரியும். சாந்து பூசிய சுவரில் இப்படி நடப்பதில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் நடக்கும்.

*

நெய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் செல்கள். நார்ச்செல் என்று அழைப்போம். இவை நாரைச் சுரப்பதோடு நிற்பதில்லை. பிடித்து இழுக்கவும் செய்கின்றன. இதைக் கண்ணுக்குக் காட்டிய ஆய்வு எளிமையானது. 1980இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஹாரிஸ், பாட்ரீஷியா வைல்ட், டேவிட் ஸ்டோபாக் ஆகியோர் சிலிக்கோன் திரவத்தின் மேற்பரப்பில் ஒரு கணம் தீச்சுடரைக் காட்டி, பாலின் மேல் ஆடை படிவது போல மெல்லிய ரப்பர்ப் படலம் உண்டாக்கினர். அதன்மேல் செல்களை விட்டபோது அவை ஊர்ந்த இடமெல்லாம் படலம் சுருங்கி மடிப்பு விழுந்தது. நடக்கும்போது காலடியில் விரிப்பு சுருண்டுகொள்வதைப் போல.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. செல் ஊர்ந்து செல்லத் தேவையான விசையைவிட நார்ச்செல்லின் இழுப்பு மிகமிக அதிகம். விரைந்து ஓடும் வெள்ளையணுக்கள் படலத்தை மிகக் குறைவாகவே இழுக்கின்றன. மெதுவாக நகரும் நார்ச்செல்லோ வலுவாக இழுக்கிறது. நடப்பதற்காக இல்லையென்றால் எதற்காக இந்த இழுப்பு? நாரை ஒழுங்குபடுத்தவே என்று ஹாரிஸ் குழுவினர் 1981இல் விடை சொன்னார்கள். கொலாஜன் கூழில் சிறு திசுத் துண்டுகளை இடைவெளிவிட்டு வைத்தனர். தாறுமாறாகக் கிடந்த நார்கள் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே நேராகி, ஒன்றோடொன்று சேர்ந்து, தசைநாண் போன்ற ஒரு கற்றையாகிவிட்டன. அந்த இடைவெளி ஒரு செல்லின் நீளத்தைவிடப் பல நூறு மடங்கு. தொடாத இரண்டு கூட்டங்கள் தமக்கு நடுவே ஒரு பாதை போட்டுக்கொண்டன. வழிகாட்ட இரசாயனத் தூதன் யாரும் வேண்டியிருக்கவில்லை; இரு பக்கமும் இழுத்தது போதுமாயிருந்தது.

இத்தகைய இணைப்புப் பாலங்களை வியன்னாவில் பிறந்த பால் வைஸ் என்னும் உயிரியலாளர் 1930களுக்கு முன்பின்னாகவே உறைந்த குருதிநீரில் கண்டு எழுதியிருந்தார். செல்லின் இழுப்பே அதற்குக் காரணம் என்பதுதான் பின்னர் வந்த தெளிவு. 1979இல் யூஜீன் பெல்லும் உடனாய்வாளர்களும் நார்ச்செல்களைக் கொலாஜன் கூழில் கலந்து வைத்தார்கள். ஒரே நாளில் கூழின் பரப்பு தொடக்கத்தில் இருந்ததில் இருபத்தெட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. கூழுக்குள் உயிரோடு இருந்தவை அந்தச் செல்கள் மட்டுமே.

இதைப் படித்த அன்று எனக்குச் சித்தியின் கை விளங்கியது.

ஆறும் புண்ணில் நார்ச்செல்கள் வந்து கூடுகின்றன. அவற்றுள் சில தசைச்செல்லின் இயல்பைப் பாதி பெற்று, இன்னும் வலுவாக இழுக்கத் தொடங்குகின்றன. ஜெனீவாவில் ஜூலியோ கப்பியானியும் உடனிருந்தோரும் 1971இல் இவற்றை இனங்கண்டனர். புண்ணின் விளிம்புகளை நெருக்கி மூடுவது இவற்றின் வேலை. நல்ல வேலைதான்; ஆனால் மேல்தோல் மூடியவுடன் அது முடிந்துவிடுவதில்லை. தழும்பு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை உள்ளே இழுப்பதும், இழுத்த நிலையில் நாரை முடிச்சிட்டு நிறுத்துவதும் தொடர்கிறது. மூட்டின் மடிப்பில் அந்தத் தழும்பு இருந்தால் மூட்டு மடங்கும். சிம்பின் வேலை அந்த இழுப்புக்கு எதிராக நீளத்தைக் காப்பது. "புண் ஆறிடுச்சே" என்று சித்தி சொன்ன நாளில் அவர் கைக்குள் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

*

ஒரு செல்லின் இழுப்பு இன்னொரு செல்லுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? செல்லின் உள்ளே இழைகளும் அவற்றை இழுக்கும் புரதங்களும் உண்டு. தசை சுருங்குவதும் இதே முறையில்தான். செல்லின் தோலை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதங்கள் ஒரு கையால் உள்ளிழைகளையும் மறு கையால் வெளிநாரையும் பற்றியிருக்கின்றன. உள்ளே இழுத்தால் வெளியே நார் வரும். வெளியே நார் இழுபட்டால் உள்ளே தெரியும். கதவின் தாழ்ப்பாள் இரு பக்கமும் இருப்பதைப் போல.

ஆனால் நடுவில் இருப்பது ரப்பர்க் கூழாக இருந்தால் இந்த இழுப்பு வெகுதூரம் போகாது. சீரான மீள்பொருள் ஒன்றினுள் உருண்டையான செல் சுருங்கினால், தொலைவு இரண்டு மடங்காகும்போது அசைவு நான்கில் ஒன்றாகிவிடும் என்பது கணக்கு. நார்ப்பின்னலில் அப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ளக் கயிற்றுக் கட்டில் போதும். தளர்ந்த கட்டிலில் ஒரு கயிற்றை இழுத்துப் பாருங்கள். இழுபடும் திசையில் உள்ள கயிறுகள் விறைத்துக்கொள்கின்றன. குறுக்கே நெருக்கப்படும் கயிறுகளோ எதிர்க்காமல் தொய்ந்து விடுகின்றன. தொய்ந்தவை பாரம் தாங்குவதில்லை; எனவே இழுப்பு முழுவதும் விறைத்த சில கயிறுகளின் வழியே மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. உடலின் நார்களும் இவ்வாறே. இழுக்க இழுக்க விறைக்கும் தன்மை உயிர்ப்பொருட் கூழ்களுக்குப் பொதுவானது என்பதை 2005இல் இயற்பியலாளர்கள் விளக்கினர். நெருக்கப்படும் நார் தொய்வதே அசைவை நெடுந்தொலைவு கொண்டுசெல்கிறது என்பது 2015இல் வெளியான ஆய்வொன்றின் முடிவு.

மறுமுனையில் இருக்கும் செல் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது இன்னும் வியப்பானது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷரின் குழு 2006இல் எலும்பு மச்சையின் குருத்துச்செல்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்களின்மேல் வளர்த்தது. மூளையைப் போன்ற ஒரு கிலோபாஸ்கலுக்கும் குறைந்த மென்மையில் அவை நரம்புச்செல்லின் சாயலையும், தசையைப் போலப் பத்துக் கிலோபாஸ்கல் அளவில் தசைச்செல்லின் சாயலையும், இருபத்தைந்துக்கு மேல் எலும்பாக்கும் செல்லின் சாயலையும் காட்டின. விறைப்பு மட்டுமே காரணமா, நார் அப்பரப்போடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் காரணமா என்ற விவாதம் பிற்பாடு எழுந்தது. எப்படியாயினும், தரையின் தன்மையைச் செல் கேட்டறிகிறது என்பது உறுதியாயிற்று. 2011இல் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு, இந்த இழுவிசை உட்கருவரை செல்லும் பாதையில் ஒரு முக்கியமான புரதத்தை இனங்காட்டியது. விறைத்த தரையில் அது உட்கருவுக்குள் புகுந்து மரபணுக்களை இயக்குகிறது. மென்மையான தரையில் வெளியே தங்குகிறது. அப்புரதத்தின் பெயர் யாப். கட்டுதல் என்ற பொருளில் யாப்பு நடத்திப் பழகியவனுக்கு இதைப் படிக்கும்போது புன்னகை வராமல் இராது. வெறும் ஒலி ஒற்றுமைதான்.

இன்னொரு சோதனை என் மனத்தில் நெடுநாள் நின்றது. இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தில் ஷெல்லி ட்ஸ்லிலின் குழு 2016இல் வெளியிட்டது. கூழின்மேல் தனித்து இருக்கும் ஓர் இதயச் செல். அதைத் தொடாமல், சற்றுத் தள்ளி ஒரு நுண்ணூசி, அண்டையில் ஓர் இதயச் செல் துடித்தால் தரை எப்படி அசையுமோ அப்படி அசைத்துக்கொண்டே இருக்கிறது. சிறிது நேரத்தில் செல் ஊசியின் தாளத்துக்கு ஏற்பத் துடிக்கத் தொடங்குகிறது. ஊசியை நிறுத்திய பின்னும் அந்தத் தாளம் உடனே விட்டுப் போவதில்லை.

*

இவற்றை எழுதுவோர் எல்லோரும் "செல்கள் பேசிக்கொள்கின்றன" என்றே எழுதுகிறார்கள். நானும் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். மொழி ஆசிரியன் என்ற முறையில் இப்போது அதில் எனக்கு ஐயம் உண்டு. பேச்சு என்றால் சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், நடுவில் சொல். சொல் காற்றில் கரைந்த பின் காற்று பழையபடியே இருக்கிறது. ஹார்மோன்களுக்கும் நரம்புக்கும் இந்த உவமை ஓரளவு பொருந்தும். நாரின் வழி நடப்பது இப்படியன்று. இழுத்தால் நடுவில் இருக்கும் பொருளே மாறுகிறது. தாறுமாறாகக் கிடந்தது நேராகிறது. நேரானது முடிச்சிடப்பட்டு நிலைக்கிறது. அடுத்து வருகிற செல் அந்தத் திசையிலேயே நடக்கிறது, அந்தத் திசையிலேயே இழுக்கிறது. இங்கே செய்தியும் சாலையும் ஒன்றே.

இதற்கு ஒற்றையடிப்பாதையே பொருத்தமான உவமை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் நடந்தவர் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ஆனால் புல் சாய்ந்துவிட்டது. இரண்டாமவர் அதில் நடந்தார். பத்தாமவருக்கு அது வழி. பிறகு வேறு வழியில் நடப்பதே கடினம். உடலின் நார்ப்பின்னல் இத்தகைய நினைவு.

உவமையை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நோயை எப்படிப் பார்க்கிறோம் என்பது மாறும். மார்பகப் புற்றுநோயின் கட்டி விரலுக்குக் கடினமாகத் தட்டுப்படுகிறது. அந்தக் கடினத்தில் பெரும்பங்கு கட்டியைச் சூழ்ந்த நாருடையது. விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2006இல் எலிகளில் கண்டது இது: கட்டியின் விளிம்பைச் சுற்றி வேலிபோலப் படுத்திருக்கும் நார்கள், கட்டி பரவும் இடங்களில் விளிம்புக்குச் செங்குத்தாகத் திரும்பி நிற்கின்றன. புற்றுச்செல்கள் அவற்றைப் பற்றிக்கொண்டே வெளியேறுகின்றன. மனித நோயாளிகளிலும் அத்தகைய நார் அமைப்பு இருந்தால் பிழைப்பு குறைவு என்று 2011இல் அதே குழுவினர் வெளியிட்டனர். வேலியை வழியாக்கியதில் இழுப்புக்குப் பங்கு உண்டு.

அப்படியானால் நாரை அழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அப்படி எண்ணியவர்களுக்கு உடல் கடுமையான விடை தந்தது. கணையப் புற்றுநோயில் நார்த்திசு மிக மிகுதி. எலிகளில் அதை உண்டாக்கும் செல்களை நீக்கிப் பார்த்தபோது நோய் தணியவில்லை. மூர்க்கமாயிற்று என்று 2014இல் ஆய்வுகள் வெளிவந்தன. நுரையீரல் நார்மிகு நோயில் கொலாஜன் இழைகளை முடிச்சிடும் நொதியொன்றைத் தடுக்கும் மருந்து மனிதரில் சோதிக்கப்பட்டது. பயனில்லை என்று 2017இல் வெளியான முடிவு சொன்னது. கணையப் புற்றில் செல்லிடைக் கூழைக் கரைக்கும் ஒரு மருந்தின் பெரிய சோதனையும் 2019இல் தோல்வியில் முடிந்தது. நார் பகைவனும் அன்று, நண்பனும் அன்று. ஓரிடத்தில் வழியாக இருப்பது இன்னோரிடத்தில் அணையாக இருக்கிறது. நிரப்புப் பொருள் என்று புறந்தள்ளியது ஒரு பிழை என்றால், எல்லாத் தீமைக்கும் வேர் என்று அதையே வெட்டப் புறப்பட்டதும் அதே பிழையின் மறுபக்கம்.

*

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

மரபணுவையும் இரசாயனத்தையும் நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று உயிரியல் நண்பர்கள் சொல்லக்கூடும். இல்லை. கொலாஜனை எழுதுவதே மரபணுதான். இழுப்பும் இரசாயனமும் தனித்தனி ஆட்சிகள் அல்ல. நாரில் கட்டி வைக்கப்பட்டிருக்கும் வளர்ச்சிக் காரணியைச் செல் இழுத்து அவிழ்க்கிறது என்பது 2007இல் காட்டப்பட்ட ஒன்று. மரபணு மட்டுமே கதை என்ற பழக்கத்தைத்தான் மறுக்கிறேன். ஒரே மரபணுத் தொகுதி கொண்ட செல் மென்தரையில் ஒன்றாகவும் வன்தரையில் வேறாகவும் நடந்துகொள்கிறது என்றால், நிலத்தை விட்டுவிட்டு வித்தை மட்டும் பேசுவது எப்படித் தகும்?

இன்னொரு சாராரிடமிருந்து வரக்கூடியது மறுப்பன்று, ஆர்வம். "இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று ஏதேனும் ஒரு வரியை எடுத்துக் காட்டும் ஆர்வம். அன்புகூர்ந்து வேண்டாம். பழம்பாடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழம்பாடல் இதற்காகப் பெருமைப்பட வேண்டியதும் இல்லை. சமூகத்துக்கும் இதை நீட்டி, மனிதர்களும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத நாரால் பிணைக்கப்பட்டிருக்கிறோம் என்று முடிக்கும் ஆசை எனக்கே உண்டு. அதையும் அடக்கிக்கொள்கிறேன். நார் நாராகவே இருக்கட்டும்.

பின் தமிழில் என்னதான் செய்யவேண்டும்? முதலில் சொல். ஆங்கிலத்தில் இதற்கு மாட்ரிக்ஸ் என்று பெயர். இலத்தீனில் கருப்பையைக் குறித்த சொல். ஒன்று பிறந்து உருப்பெறும் இடம் என்ற உணர்வு அதில் மறைந்திருக்கிறது. நாமோ அதை அப்படியே எழுத்துப்பெயர்த்து வைத்திருக்கிறோம். கணிதத்தில் அதே சொல்லுக்கு 'அணி' என்றும் வழங்குகிறோம். மாணவனுக்கு இரண்டும் புரிவதில்லை. 'நார்ப்பின்னல்' என்று சொன்னால் என்ன குறை? பின்னல் என்றவுடன் பின்னுபவர் உண்டு, தளர்வு உண்டு, இறுக்கம் உண்டு, ஓர் இழையை இழுத்தால் மற்றவை அசையும் என்பதும் உண்டு. விளக்க வேண்டியதில் பாதியைச் சொல்லே செய்துவிடுகிறது. கலைச்சொல் ஆக்கத்தில் நாம் வேர்ச்சொல்லுக்கு வேர்ச்சொல் தேடுவதில் காட்டும் உழைப்பில் பாதியை, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பதில் காட்டினால் போதும் என்பது என் துணிபு.

அடுத்தது, செங்கல்லைப் பாடத்திலிருந்து இறக்கி வைப்பது. கயிற்றுக் கட்டிலையோ மீன்வலையையோ வகுப்புக்குக் கொண்டு வந்து, ஒரு மூலையை ஒரு மாணவனும் மறு மூலையை இன்னொரு மாணவனும் இழுக்கச் சொன்னால் கால்மணி நேரத்தில் இது புரிந்துவிடும்.

மூன்றாவது, மிகவும் சிறியது. தீக்காயத்துக்குச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் சீட்டில், சிம்பு கட்டவும் என்பதற்குக் கீழே இரண்டு வரி எழுதலாம்: "தோல் மூடிவிட்டாலும் உள்ளே தழும்பு பல மாதங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். மருத்துவர் சொல்லும்வரை சிம்பைக் கழற்றாதீர்கள்." ஏன் என்று தெரிந்தவர் வலியைப் பொறுத்துக்கொள்வார். ஏன் என்று தெரியாதவர் பரண்மேல் போடுவார்.

சித்தி இப்போது இல்லை. அவருடைய வீட்டைக் காலி செய்தபோது பரண்மேல் அந்தச் சிம்பு கிடைத்தது. வார் இற்றுப்போயிருந்தது, கட்டை மட்டும் நேராக இருந்தது. "சரிதான் சித்தி" என்று சொன்னவன் நான் என்பதால்தான் இத்தனையும் எழுத நேர்ந்தது.